எஸ்டேட் வேலையை விடும்போது பிஎஃப் விஷயத்தில் செய்யக் கூடாத தவறுகள்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் இப்போது திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவை மில்லுக்கும் போய்விடுகிறார்கள், சில வீடுகளில் அப்பா அம்மாவும் கூடவே இறங்கிவிடுகிறார்கள். போவதில் தப்பே இல்லை. ஆனால் எஸ்டேட்டில் கணக்கை முடித்த கையோடு பிஎஃப் பணத்தை ஒரு ரூபாய் விடாமல் துடைத்து எடுக்கிறார்களே, அதுதான் தப்பு.

பிஎஃப் என்பது ஒரு கணக்கு இல்லை, இரண்டு. நம் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுக்க சேமிப்புக்குப் போகிறது. நிர்வாகம் போடும் 12-இல் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போய்விடும், மிச்சம்தான் சேமிப்பில் சேரும். சேமிப்பை எடுப்பது உங்கள் இஷ்டம், கடன் இருக்கும், பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் இருக்கும், அதில் நான் தலையிடவில்லை. பென்ஷனில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தக் கணக்கில் மொத்தம் 10 வருடம் சேர்ந்தால் 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். 10 வருடம் ஆகும் முன்னே வேலையை விட்டவர் 10சி படிவம் போட்டு அதையும் எடுக்கலாம், ஆனால் எடுத்துவிட்டால் அதுவரை உழைத்த வருடங்கள் பென்ஷன் கணக்கில் கிடையாது, புது வேலையில் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

எஸ்டேட்டில் 8 வருடம், மில்லில் 7 வருடம் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் எடுத்துவிட்டால் பென்ஷன் பூஜ்யம். எடுக்காமல் சேர்த்திருந்தால் 15 வருடம். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளம் 12,000 என்றால் அதை 15-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 2,570 ரூபாய். பெரிய தொகையா என்று கேட்டால் இல்லைதான், ஆனால் முட்டி தேய்ந்த வயதில் வீட்டிலிருந்தபடி வரும் பணம், அவருக்குப் பின் துணைக்கும் ஒரு பங்கு உண்டு. அதே 10சி படிவத்திலேயே பணத்துக்குப் பதில், உழைத்த வருடங்களைப் பென்ஷன் கணக்கில் காப்பாற்றி வைக்கும் ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ கேட்டு வாங்கலாம், அல்லது புது கம்பெனிக்கு அப்படியே மாற்றிக்கொள்ளலாம். பிரவுசிங் சென்டர்காரர் இதைச் சொல்லமாட்டார், பணம் வந்தால்தானே அவருக்குக் கமிஷன்! (பிஎஃப் ஆபீஸ் இதற்குக் கட்டணமே வாங்குவதில்லை.)

புது இடத்தில் சேரும்போது "முன்னாடி பிஎஃப் இருந்ததா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது அடுத்த தவறு. புதுசாக ஒரு யுஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்குத் தரும் நம்பர்) போட்டுவிட வாய்ப்புண்டு, பழைய வருடங்கள் தனியாகக் கிடக்கும். ஆயுசுக்கும் ஒரே யுஏஎன்தான்.

அப்புறம் இந்தப் பெயர்ப் பிரச்சினை, மலையில் இது ரொம்ப அதிகம். செக்ரோலில் (எஸ்டேட்டின் கூலிப் பதிவேட்டில்) வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் வேறு பெயர், பிறந்த தேதி குத்துமதிப்பாக எழுதியது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் இப்படி ஒன்றுக்கொன்று ஒட்டாத காகிதங்கள் நிறையப் பார்க்கலாம். பல திருத்தங்களுக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும், அதனால் வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். எஸ்டேட் கைமாறினாலோ பூட்டினாலோ யாரைப் போய்ப் பிடிப்பீர்கள்? நாமினி பெயரையும் அப்போதே பாருங்கள், கல்யாணத்துக்கு முன் போட்ட அம்மா பெயரே இன்னும் இருக்கும். யுஏஎன்னில் பதிந்த போன் நம்பர் உங்களுடையதுதானா, கடைக்காரருடையதா என்பதும் முக்கியம், ஓடிபி அங்கேதான் போகும். உங்கள் போனிலிருந்து 99660 44425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள், அது பதிந்த நம்பர் என்றால் பிஎஃப் விவரம் மெசேஜில் வரும். சிக்கல் இருந்தால் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி வாக்கில் மாவட்டந்தோறும் பிஎஃப் முகாம் நடக்கிறது, காகிதங்களோடு நேரில் போங்கள்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) இதில் சேராது, அது தனி. 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 15 நாள் கூலி. நாள் கூலி 450, சர்வீஸ் 22 வருடம் என்றால் 1,48,500 ரூபாய். வாயால் கேட்டு அலையாமல் எழுதிக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட்டை விட்டு ஊரிலேயே சிறு விவசாயிகளின் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பிஎஃப் இருக்காது. அவர்கள் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், அங்கே 60 வயதுக்குள் பதிந்தால்தான் உண்டு. கீழே மில்லுக்குப் போகிறவர்கள் சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அதில் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள். எஸ்டேட் டிஸ்பென்சரி போன பிறகு குடும்பத்துக்கு வைத்தியம் அந்தக் கார்டில்தான்.