பள்ளிக்கு நிதி வெட்டா? கணக்கைப் பார்த்து அறியும் முறை

பள்ளிக் கல்விக்கான நிதியை வெட்டிவிட்டார்கள் என்று எதிர்க்கட்சி சொல்லும்; முன்னெப்போதையும்விட அதிகம் ஒதுக்கியிருக்கிறோம் என்று அமைச்சர் சொல்வார். பல நேரங்களில் இரண்டுமே உண்மையாக இருப்பதுதான் சிக்கல். ஆகவே எவர் பேச்சையும் நம்புவதற்கு முன், எந்த வகை வெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்: ஒதுக்கீடே குறைந்ததா, ஒதுக்கீடு கூடியும் செலவின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லையா, ஒதுக்கிய பணம் வந்து சேரவில்லையா?

தமிழ்நாட்டில் இதற்கான விடையைத் தேட வேண்டிய இடம் நிதியமைச்சரின் உரையன்று, பள்ளிக் கல்வித் துறையின் 43ஆம் எண் மானியக் கோரிக்கை, அதாவது தன் செலவுக்குத் துறை சட்டமன்றத்திடம் பணம் கேட்கும் ஆவணம். நிதித்துறையின் இணையதளத்தில் அது கிடைக்கும். உரையில் வரும் தொகைகளை மட்டும் பார்த்தால், 2023-24இல் 40,299 கோடி ரூபாய், 2024-25இல் 44,042 கோடி, 2025-26இல் 46,767 கோடி என்று ஏறுமுகமாகவே இருக்கும். ஆனால் 2024-25இல் ஒன்பது விழுக்காட்டைத் தாண்டிய உயர்வு 2025-26இல் ஆறு விழுக்காட்டளவுக்கு இறங்கியிருக்கிறது. இத்துறையின் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம் என்பதால், அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதையே கேட்க வேண்டும். அதை அறிய, சம்பளம் போன்ற அன்றாடச் செலவுகளுக்கான 2202 என்ற வருவாய்ச் செலவினத் தலைப்பையும், கட்டடங்களுக்கான 4202 என்ற மூலதனத் தலைப்பையும் தனித்தனியே பாருங்கள். மதிய உணவும் காலை உணவும் சமூக நலத்துறையின் கணக்கில் வருவதால், அவற்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிடுபவர்களிடம் எச்சரிக்கை தேவை.

அடுத்து, ஒரே ஆண்டுக்கான இரண்டு பத்திகளை அருகருகே வைத்துப் படியுங்கள்: ஆண்டுத் தொடக்கத்துக்கான வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, பின்னர் அதை மாற்றியமைத்த திருத்திய மதிப்பீடு. மார்ச்சில் கைதட்டல் வாங்கிய தொகை மறு ஆண்டில் சத்தமின்றிக் குறைவது இங்கேதான் தெரியும். இன்னும் ஓராண்டு கழித்து வரும் ‘கணக்குகள்’ பத்தியே உண்மையில் செலவானதைச் சொல்லும்.

பணம் வராமல் போவது மூன்றாவது வகை. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு (சமக்ர சிக்ஷா) 2024-25இல் 3,586 கோடி ரூபாய் ஒப்புக்கொள்ளப்பட்டது. 60:40 என்ற விகிதப்படி ஒன்றிய அரசின் பங்கு 2,152 கோடி. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திட மறுத்ததால் அந்தத் தொகை அந்த ஆண்டில் விடுவிக்கப்படவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பது நிபந்தனை என்றது டெல்லி; மும்மொழித் திட்டத்தைப் பணத்தைக் காட்டித் திணிக்கிறார்கள் என்றது சென்னை. 2025 மே மாதத்தில் மாநிலம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கொள்கைச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும், ஒப்புக்கொண்ட பங்கை நிறுத்திவைப்பது வகுப்பறைக்கு வெட்டுதான் என்பது என் கருத்து. ஈடுசெய்ய மாநிலம் சொந்த நிதியை எடுத்தால், அது வேறெந்தச் செலவைத் தள்ளிவைத்து வந்தது என்ற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள்.

சட்டமன்றத்தில் ‘வெட்டுத் தீர்மானம்’ வந்தது என்ற செய்தியைக் கண்டு குழம்ப வேண்டாம். குறையைச் சுட்டிக்காட்ட, கோரிக்கையில் பெயரளவுக்கு ஒரு சிறு தொகையைக் குறைக்கக் கோரும் மரபு அது. கூடுதல் பணம் கேட்பவரும் அதையே கொடுப்பார்.

கடைசியாக உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 31 முதல் 100 மாணவர்கள் இருந்தால் 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000. எந்த மாதம், எத்தனை தவணையில், எவ்வளவு வந்தது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்காமல், ‘வரவு வைக்கப்பட்ட தேதியும் தொகையும்’ என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.