‘பெரி த ஹேட்சட்’: எங்கே எழுதலாம், எங்கே கூடாது

‘பெரி த ஹேட்சட்’ (bury the hatchet) என்றால் நேர்ப்பொருளில் ‘கோடரியைப் புதை’; பகையை விட்டுச் சமாதானமாவதைக் குறிக்கும். இந்த ஆங்கிலத் தொடரைக் கையாளும் முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பகை இரண்டு பக்கமும் இருந்ததா, இரண்டு பக்கமும் அதைக் கைவிட்டார்களா? ஒருவர் மட்டும் மன்னிப்புக் கேட்டதற்கு இது பொருந்தாது. ஒரு பக்கம் தோற்று ஓய்ந்ததற்கும் பொருந்தாது.

காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. ஹேட்சட் என்பது ஒரு கையால் பிடித்து வெட்டும் சிறு கோடரி. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் பூர்வகுடிகள் சமாதானம் பேசி முடித்ததும் அதை உண்மையாகவே மண்ணில் புதைத்தார்கள். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா என்ற ஐந்து இனத்தாரும் ஒன்றுசேர்ந்தபோது, வெள்ளைப் பைன் மரத்தைப் பிடுங்கி, அந்தக் குழியில் ஆயுதங்களைப் போட்டு, மேலே மரத்தைத் திரும்ப நட்டதாக அவர்களின் வாய்மொழி மரபு சொல்கிறது. 1761 ஜூன் 25 அன்று இன்றைய கனடாவின் ஹாலிஃபாக்ஸில் மிக்மாக் பூர்வகுடி மக்களும் பிரிட்டிஷாரும் கோடரி புதைத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். 1785-ல் செரோக்கி பூர்வகுடி மக்களோடு அமெரிக்கா செய்த ஹோப்வெல் உடன்படிக்கையில், கோடரி என்றென்றைக்கும் புதைக்கப்படும் என்று 13-வது பிரிவாகவே எழுதினார்கள். அந்த வாக்கு நிற்கவில்லை. 1838-ல் ராணுவம் அதே மக்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டியது.

இனி எழுதும் முறை. ‘பரி’ அல்ல, ‘பெரி’ என்றே உச்சரிக்க வேண்டும். சண்டை போட்டவர்கள் பத்துப் பேரானாலும் ஹேட்சட் ஒருமையில்தான் வரும். முன்னால் ‘த’ கட்டாயம். யாரோடு என்பதற்கு ‘வித்’ சேருங்கள். ஹேட்சட்டுக்குப் பதில், கோடரியைக் குறிக்கும் ‘ஆக்ஸ்’ (axe) போட்டால் மரபு கெட்டுவிடும். ‘ஹேட்சட் ஜாப்’ முற்றிலும் வேறு. ஒருவரின் பெயரைக் கெடுக்கவே எழுதும் தாக்குதல் அது. இரண்டையும் குழப்பினால் சமாதானச் செய்தி அவதூறுச் செய்தியாகிவிடும்.

தமிழாக்கத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ‘அண்ணனும் தம்பியும் கோடரியைப் புதைத்தனர்’ என்றால், ஏதோ கொலை ஆயுதத்தை மறைத்ததுபோல ஒலிக்கும். கோடரி என்றதும் நம் நினைவுக்கு வருவது குலத்தைக் கெடுக்கும் கோடரிக்காம்புதான். ‘பகையை மறந்தார்கள்’, ‘ராசியாகிவிட்டார்கள்’ என்று எழுதுங்கள். பேச்சுநடைக்கு இரண்டாவதே இயல்பு. ஹாலிஃபாக்ஸ் போன்ற வரலாற்றை எழுதும்போது மட்டும் கோடரியைக் கோடரியாகவே விடுங்கள், அங்கே அதை உண்மையிலேயே புதைத்தார்கள்.