இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவுக்கு: இருவருக்கான ஓய்வுப் பயணத்துக்கு இடம் தேர்வது எப்படி?

திருமணமாகி ஓரிரு ஆண்டுகளே ஆன இளம் தம்பதியர் முதன்முறையாக ஐரோப்பாவுக்குக் கிளம்பும்போது பாரிஸ், ரோம், வெனிஸ், சூரிச் என்று ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு, அத்தனையையும் எட்டு நாள்களுக்குள் எப்படி அடக்குவது என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால் வேலையையும் தொலைபேசியையும் மறந்து இருவரும் நிதானமாகச் சில நாள்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் விருப்பம் என்றால், ஊரைக் கடைசியில் தேர்வு செய்வதே நல்லது. மாதமும், தங்கும் இரவுகளும், அறையிலிருந்து நடந்துபோகும் தொலைவும் முடிவாகிவிட்டால் ஊர் தானே பிடிபடும். இந்த முறை எப்படிப் பயன்படுகிறது என்பதை, ஆல்ப்ஸ் மலையையொட்டிய ஸ்லோவேனியா நாட்டின் பிளெட் ஏரியையும் அதன் கரையிலுள்ள அதே பெயர் கொண்ட ஊரையும் வைத்து விளக்குகிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் ஆகிய மூன்றும் இலையுதிர் காலம் என்றாலும், மூன்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. செப்டம்பரில் கோடையின் வெப்பம் இன்னும் மிச்சமிருக்கும்; தெற்கே கடலில் குளிக்கலாம், ஆனால் இலைகள் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். ஆல்ப்ஸ் மலையடிவாரங்களில் பீச் (beech) என்ற காட்டு மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறுவது ஏறக்குறைய அக்டோபரின் நடுவிலிருந்து மாத இறுதி வரை. நவம்பரில் மரங்கள் மொட்டையாகி, மழையும் பனிமூட்டமும் கூடி, சிற்றூர்களில் பல உணவகங்கள் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கும் வரை கதவைச் சாத்திவிடுகின்றன.

புதியவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். முந்தைய நாள் வரை மாலை ஆறு மணியளவில் மறைந்த சூரியன், அதன்பின் பிளெட் போன்ற ஊர்களில் ஐந்து மணிக்கு முன்பாகவே மறைந்துவிடும். மாலை நடையை விரும்புகிறவர்கள் அந்த ஞாயிற்றுக்கு முன் ஊர் திரும்பும்படி திட்டமிடலாம். என் பரிந்துரை அக்டோபரின் இரண்டாம், மூன்றாம் வாரங்கள்.

படி 2: ஒரே ஊரில் நான்கு இரவுகள்

ஊர் மாறும் ஒவ்வொரு நாளிலும் பெட்டி கட்டுவதிலும், அறையைக் காலி செய்வதிலும், ரயிலுக்குக் காத்திருப்பதிலும் பாதி நாள் கரைந்துவிடுகிறது. முதல் இரவு அசதியில் போகும்; இரண்டாம் நாள் வழிகள் பழகும்; மூன்றாம் நாள்தான் மனம் அங்கே தங்கத் தொடங்கும். ஆகவே நான்கு இரவுகளுக்குக் குறையாமல் ஒரே இடத்தில் இருங்கள்.

படி 3: அறையிலிருந்து நடந்து பாருங்கள்

வரைபடத்தைத் திறந்து, தங்க நினைக்கும் விடுதியிலிருந்து வண்டியே இல்லாமல் எங்கெங்கே போகலாம் என்று பாருங்கள். பிளெட் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்தச் சோதனையில்தான். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நடைபாதை, பெரும்பாலும் சமதளம், நின்று நின்று நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நீருக்கு மேல் சுமார் 130 மீட்டர் உயரத்தில் செங்குத்தான பாறையின் உச்சியில் கோட்டை நிற்கிறது. மேற்குக் கரையில் ஓய்ஸ்டிரிட்சா என்ற 611 மீட்டர் குன்று உள்ளது; ஏற்றம் கடினம், ஆனால் குறுகியது. அதன் உச்சியிலுள்ள மர இருக்கையில் அமர்ந்தால் ஏரி முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிடும்.

ஏரியின் நடுவிலுள்ள சிறு தீவுக்குப் பிளெட்னா என்ற தட்டையான அடிப்பாகம் கொண்ட மரப்படகில் செல்லலாம். படகோட்டி பின்புறம் நின்றபடி இரண்டு துடுப்புகளால் வலிப்பார். மோட்டார் ஓசை இல்லாததால், துடுப்பிலிருந்து நீர் சொட்டுவது கூடத் தெளிவாகக் கேட்கும். கரையிறங்கியதும் மரியன்னை தேவாலயத்துக்கு 99 கற்படிகள். அங்கே மணமுடிப்பவர்களில் மணமகன் மணமகளைத் தூக்கிக்கொண்டு அத்தனை படிகளையும் ஏற வேண்டும் என்பதும், அவர் ஏறி முடிக்கும் வரை மணமகள் வாய் திறக்கக் கூடாது என்பதும் ஊர் வழக்கம். உள்ளே ஒரு மணி இருக்கிறது. வேண்டுதலை மனத்தில் நினைத்துக்கொண்டு கயிற்றை இழுக்கிறார்கள்.

அக்டோபர்க் காலைகளில் ஏரியின்மேல் மூடுபனி படிந்திருக்கும். முதலில் தீவே தெரியாது. பின்னர் தேவாலயக் கோபுரத்தின் முனை மட்டும் தெரியும். வெயில் ஏற ஏற மரங்களின் மஞ்சள் மெல்ல வெளிப்படும். இதைப் பார்க்கக் கரையை ஒட்டிய அறையும், அவசரமில்லாத ஒரு காலையும் வேண்டும்.

படி 4: மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?

ஆல்ப்ஸின் தென்சரிவில் இலையுதிர் காலம் மழைக்காலமும் கூட. நான்கு நாள்களில் ஒரு நாளாவது நனையும் என்று எண்ணியே ஊரைத் தேர்ந்தெடுங்கள். பிளெட்டில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அந்த நீரை உள்ளரங்கக் குளங்களில் நிரப்பும் விடுதிகளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்னால்ட் ரிக்லி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இங்கே வந்து, வெயில், காற்று, நீர், நடை ஆகியவற்றையே மருந்தாகக் கொண்ட சிகிச்சை நிலையத்தை நடத்தினார். ஓய்வுக்காக மக்கள் வந்து தங்கும் பழக்கம் இவ்வூரில் அவ்வளவு பழையது.

மழை நின்றபாடில்லை என்றால் காபிக் கடையில் கிரெம்ஷ்னிட்டா கேளுங்கள். இது 7 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டப்படும் இனிப்பு. மேலும் கீழும் மொறுமொறுப்பான மெல்லிய மாவு அடுக்கு, நடுவில் மஞ்சள் கஸ்டர்ட், அதன்மேல் வெண்ணிறப் பாலாடை நுரை. முள்கரண்டி பட்டதும் தட்டில் நடுங்குவதுதான் நன்றாகச் செய்ததற்கு அடையாளம். அசைவம் உண்ணாதவர்கள் இதில் முட்டை உண்டு என்பதை நினைவில் வைக்கவும்.

படி 5: மாற்று இடங்களோடு ஒப்பிடுங்கள்

பிளெட்டில் கூட்டம் அதிகம் என்று தோன்றினால், சுமார் 26 கிலோமீட்டர் தள்ளி, திரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் போஹின் ஏரி அதைவிடப் பெரியது, அமைதியானது. ஆனால் மழை நாளில் ஒதுங்கும் இடங்கள் குறைவு. குளிர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு பொருந்தும்: செப்டம்பரில் திராட்சை அறுவடை நடக்கும், போர்ட்டோ நகரிலிருந்து கிளம்பி, வழியில் டோரோ ஆற்றை ஒட்டிச் செல்லும் ரயிலில் பின்யாவ் என்ற சிற்றூர் வரை போகலாம். கிரேக்கத் தீவுகள் என்றால் அக்டோபர் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாத இறுதியில் விடுதிகள் மூடத் தொடங்கும்.

படி 6: விசாவும் வழியும்

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். கடைசி வரை காத்திருக்காமல் ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள். எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விசாவைக் கேட்க வேண்டும் என்பதால், ஒரே ஊரில் தங்கும் திட்டம் விண்ணப்பத்தையும் எளிதாக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம். இந்தியாவிலிருந்து ஸ்லோவேனியாவுக்கு நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல் அல்லது பிராங்க்பர்ட் வழியாக அந்நாட்டின் தலைநகரான லூப்லியானாவின் விமான நிலையத்தில் இறங்கினால் பிளெட் சுமார் 35 கிலோமீட்டர்தான்.

படி 7: அறையைப் பதிவு செய்தல்

ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் கூட்டமும் வாடகையும் பொதுவாகக் குறைவு. பதிவு செய்யும் முன் இரண்டு கேள்விகளை விடுதிக்கு எழுதிக் கேளுங்கள்: அறை ஏரியைப் பார்த்தது என்பது எழுத்தில் உறுதியாகுமா, அந்த வாரத்தில் உணவகமும் வெந்நீர்க் குளமும் திறந்திருக்குமா? கூட்டம் குறைந்த பருவத்தில் பராமரிப்புக்காக மூடுவது வழக்கமாதலால் இரண்டாம் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பெட்டியில் குடையோடு, அடிப்பாகம் வழுக்காத காலணிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரைப் பாதையில் நனைந்து கிடக்கும் பீச் இலைகள் சோப்புக் கட்டிபோல் வழுக்கும்.