புது கார் பந்தய அணிக்கு ஓட்டுநர் தேடும்போது
முதல் காரில் கோளாறு வராமல் இருக்காது. அதனால் அணியின் இரண்டு ஓட்டுநர் இருக்கைகளில் ஒன்றையாவது அனுபவசாலிக்குக் கொடுங்கள். 2016-இல் ஃபார்முலா 1-க்குள் நுழைந்த ஹாஸ் அணி, அனுபவசாலியான ரோமன் குரோஜானை எடுத்தது. மெல்போர்னில் முதல் பந்தயத்திலேயே ஆறாம் இடம்!

சோதனை ஓட்டத்தில் நான் லேப் நேரத்தை, அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை, கடைசியாகத்தான் பார்ப்பேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஓட்டுநர் என்ன சொல்கிறார்? "கார் சரியில்லை" என்றால் பயனில்லை. "மூன்றாவது வளைவில் பிரேக்கை விடும்போது பின்பக்கம் வழுக்குகிறது" என்றால் மெக்கானிக்குக் கையில் வேலை கிடைக்கிறது. அப்புறம், சொல்லாமல் பின் இறக்கையின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றி அனுப்புங்கள். குறும்புதான், ஆனால் கண்டுபிடிப்பவரை விடாதீர்கள்.

ஸ்பான்சர் பணத்தோடு ஒருவர் வருகிறாரா? சரி, இரண்டாவது இருக்கைக்குப் பார்க்கலாம். ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான உரிமமான சூப்பர் லைசென்ஸுக்கு, மற்ற பந்தயங்களில் சேர்க்க வேண்டிய 40 புள்ளிகள் அவரிடம் இருக்கின்றனவா என்று மட்டும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.