அடைக்கலம் தந்தவர்களின் வரலாற்றை எழுதப் புகுமுன்

இரண்டாம் உலகப்போரின்போது நாஜி ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த நாடுகளில் யூதர்களைத் தம் வீட்டில் மறைத்துவைத்த சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றி எழுத விரும்புபவர், அவருடைய நெஞ்சுரத்தைப் போற்றுவதற்கு முன்பாக, அவர் எந்த ஊரில் எந்த ஆண்டில் அதைச் செய்தார் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரே செயலுக்கு இடத்துக்கு இடம் வேறு தண்டனை இருந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் 1941 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட ஆணை, கெட்டோவை (யூதர்களை அடைத்துவைத்திருந்த நகர்ப்பகுதியை) விட்டு வெளியேறும் யூதருக்கும் அவருக்கு இடங்கொடுப்பவருக்கும் மரண தண்டனை விதித்தது. மார்கோவா கிராமத்தில் 1944 மார்ச் 24 அன்று யோசெஃப் உல்மாவும் கருவுற்றிருந்த அவர் மனைவி விக்டோரியாவும் ஆறு குழந்தைகளும், அவர்கள் மறைத்துவைத்திருந்த எட்டு யூதர்களும் கொல்லப்பட்டனர். டென்மார்க்கிலோ, 1943 அக்டோபரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் படகுகளில் நடுநிலை நாடான ஸ்வீடனுக்கு ரகசியமாகத் தப்புவிக்கப்பட்டனர். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இரு நாட்டு மக்களின் துணிவை ஒப்பிடுவது நியாயமாகாது.

அடுத்ததாக, அந்த வீட்டின் அன்றாடக் கணக்கைக் கேளுங்கள். என் அனுபவத்தில் உண்மை வெளிப்படுவது இங்கேதான். ஒளிந்திருப்பவருக்கு ரேஷன் அட்டை கிடையாது. வழக்கத்தைவிட அதிகமாக உணவு வாங்கினால் அண்டை வீட்டாருக்குச் சந்தேகம் எழும். இருமல் சத்தமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆம்ஸ்டர்டாமில் பிரின்சன்கிராக்ட் 263 எண் கட்டடத்தின் பின்பகுதியில் 1942 ஜூலை முதல் ஒளிந்து வாழ்ந்த, நாட்குறிப்பால் அறியப்படும் ஆன் ஃபிராங்க் உள்ளிட்ட, பின்னர் எட்டுப்பேராகப் பெருகிய குழுவினர், கீழே பணியாளர்கள் வேலைசெய்யும் நேரத்தில் தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்க முடியாமல் இருந்தனர். அவர்களுக்காக, அங்கே வேலைசெய்த மீப் கீஸ் காய்கறி வாங்கிவந்த கடைக்காரர் தம் வீட்டில் இரண்டு யூதர்களை மறைத்துவைத்ததற்காக 1944 மே மாதத்தில் கைதானபோது, இவர்களுடைய உணவும் குறைந்தது. உணவை யார் வாங்கினார், யாரிடம், யாருடைய அட்டையைக் கொண்டு என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே போனால், ஒற்றை நாயகனாகத் தோன்றியவருக்குப் பின்னால் கடைக்காரர், போலி அட்டை தயாரித்தவர், மருத்துவர் என்று பலர் தென்படுவார்கள்.

பணத்தைப் பற்றி எழுதக் கூச வேண்டாம். இன்று உக்ரைனில் உள்ள லிவிவ் நகரின் சாக்கடைத் தொழிலாளியான லியோபோல்ட் சோஹா, 1943இல் கெட்டோ அழிக்கப்பட்டபோது நிலத்தடிச் சாக்கடைக்குள் தப்பிவந்தவர்களிடம் தொடக்கத்தில் கூலி வாங்கினார். அவர்களிடம் பணம் தீர்ந்த பின்னும் உணவு கொண்டுவருவதை நிறுத்தவில்லை. முன்பு திருடராக இருந்த இவரை, கறையே இல்லாத புனிதர்களைவிட நான் எளிதில் நம்புகிறேன். கூலியை மறைத்து எழுதினால், அவருக்குள் நிகழ்ந்த மாற்றமும் சேர்ந்து மறைந்துவிடும்.

சான்றுகளைத் தேடுவோருக்கு ஜெருசலேமில் உள்ள, யூதப் படுகொலையை நினைவுகூரும் யாத் வாஷெம் நினைவகத்தின் இணையத் தரவுத்தளம் முதல் வாயில். மீட்டவர்களை ஆணையம் ஒன்றின் வழியே 1963 முதல் அங்கீகரித்துவரும் அந்த நிறுவனத்தின் பட்டியலில் 28,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஆனால் அந்த அங்கீகாரம் பெரும்பாலும் உயிர்பிழைத்தவர்களின் வாக்குமூலத்தைச் சார்ந்தது. மறைத்தவரும் மறைந்தவரும் ஒருசேரக் கொல்லப்பட்ட வீடுகளில் சாட்சி சொல்ல எவரும் எஞ்சாமல் போயிருக்கலாம். யூதர்களை மீட்ட யூதர்களுக்கும் அப்பட்டியலில் இடமில்லை. ஆகவே, பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு நிகழ்வைப் பொய்யென்று தள்ளிவிடாதீர்கள். தேடும்போது ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும் இட்டுப் பாருங்கள்: லிவிவ் என்பதே போலிஷ் ஆவணங்களில் லிவூஃப் என்றும் ஜெர்மன் ஆவணங்களில் லெம்பெர்க் என்றும் இருக்கும்.

பல பத்தாண்டுகள் கழித்துச் சொல்லப்பட்ட நினைவுகளில் தேதிகள் பிறழ்வது இயல்பு. மறைத்தவர் சொல்வதும் மறைந்திருந்தவர் சொல்வதும் முரண்பட்டால், ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்காமல் இரண்டையும் பதிவுசெய்யுங்கள். காட்டிக்கொடுத்தவர் யார் என்ற கேள்வியில் கூடுதல் கவனம் தேவை. பிரின்சன்கிராக்ட் மறைவிடம் எப்படி வெளிப்பட்டது என்பது பல ஆய்வுகளுக்குப் பிறகும் ஐயமற நிறுவப்படவில்லை; அங்கே ஊகத்துக்கு ஒருவர் பெயரைச் சூட்டாமல், 1944 ஆகஸ்ட் 4 அன்று காவலர்கள் வந்து எட்டுப்பேரையும் கைதுசெய்தார்கள் என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம்.