குடு மான் கொம்பும் விமானச் சரக்குக் கட்டணமும்

நமீபியாவில் உரிமம் வாங்கி வேட்டையாடிய குடு மானின் தலையை டெக்சாஸில் பாடம் பண்ண பட்ஜெட் போட்டேன். பாடம் பண்ணும் கூலி கணக்குக்குள் வந்தது; விமானச் சரக்குக் கட்டணம்தான் எகிறியது. பெட்டி எடை 38 கிலோ, பில்லில் 121 கிலோ!

வேறு ஏஜென்ட்டுகளைக் கேட்டேன், ஏறக்குறைய அதே தொகை. மெல்லிய பிளைவுட் பெட்டி போடச் சொன்னேன். எடை குறைந்தது, கட்டணம் அசையவில்லை.

பெட்டியின் அளவைக் கேட்டு வாங்கியபோதுதான் பிடிபட்டது: 130×80×70 செ.மீ. விமானச் சரக்குக் கணக்குப்படி மூன்றையும் பெருக்கி 6000ஆல் வகுத்தால் 121 கிலோ. இந்த எண் நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் இதற்குத்தான் காசு. அதாவது, விரிந்த கொம்புகளுக்கு நடுவே இருக்கும் காற்றுக்கு!

பெயர்தான் மான், குடுவின் கொம்பு மாட்டுக் கொம்பு ரகம். உள்ளே எலும்புத் தண்டு, மேலே உறை. மண்டையோட்டை வேகவைத்துச் சுத்தம் செய்யும்போதே உறை கழன்றுவிடும். பிறகு அதை மாட்டி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. பாடம் பண்ணுபவரின் சம்மதத்தோடு தண்டைக் குட்டையாக அறுத்து, உறைகளைப் பக்கத்தில் படுக்கவைக்கச் சொன்னேன். புதுப் பெட்டி 120×50×45. பில்லில் 45 கிலோ. அப்பாடா!

சுங்க ஏஜென்ட் கூலி தனி. அதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.