கைடுக்கு முதல் மெயில்: காலியிடக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து, பிஎச்.டி. ஆய்வுக்குக் கைடு (ஆய்வு நெறியாளர்) தேடியபோது எனக்கு நான்கு மாதம் வீணாகப் போனது. ஒரு பேராசிரியர், "நல்ல தலைப்பும்மா, எழுதிக்கிட்டு வா" என்றார். கண்மாய் மீன்களைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன், மூன்று முறை திருத்தினேன். பதிவுக்குப் போன அன்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள், அவர் ஓய்வுபெற இரண்டு ஆண்டுதான் இருக்கிறது, புது ஸ்காலரை (ஆய்வு மாணவரை) எடுக்க முடியாது என்று.

ஆகவே தலைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் காலியிடம். யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. துறையின் இணையப் பக்கத்தை நம்பிவிடாதீர்கள், பல இடங்களில் அது பழைய பட்டியல். ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள், நீங்கள் நினைக்கும் கைடிடம் இப்போது படிக்கும் ஸ்காலரிடமும் கேளுங்கள். யாராவது தீசிஸ் கொடுக்கும் கட்டத்தில் இருந்தால் இடம் காலியாகப் போகிறது என்று பொருள். எட்டு பேருக்கு நடுவே நேரம் ஒதுக்கத் திணறும் பிரபலத்தைவிட, இரண்டு பேரை வைத்திருக்கும் இளம் உதவிப் பேராசிரியரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்துக்குப் போங்கள். கைடு பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். அத்தியாயங்கள் தனித்தனி பிடிஎஃப்பாக இருக்கும். நான் முதலில் திறப்பது நன்றியுரையை. அத்தியாயத்தை எத்தனை முறை திருத்திக் கொடுத்தார், களத்துக்குக் கூட வந்தாரா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பதிவு செய்த ஆண்டும் முடித்த ஆண்டும் இருந்தால் கழித்துப் பாருங்கள். கடைசி அத்தியாயத்தில் 'மேலும் ஆய்வு செய்ய வேண்டியவை' என்று ஒரு பகுதி இருக்கும், உங்கள் மெயிலுக்கான விதை பெரும்பாலும் அங்கேதான். படிப்பதையெல்லாம் ஜோட்டேரோவில் (மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருள்) சேர்த்து வையுங்கள். வேர்டு கோப்பில் கையால் பட்டியல் போட்டு நான் பட்ட பாடு போதும்.

இனி மெயில். பொருள் வரியில் "பிஎச்.டி. இடம் குறித்து – நன்னீர் மீன் சூழலியல்" என்பதுபோலத் துறையும் இருக்கட்டும். நான் அனுப்பியது ஆங்கிலத்தில், தமிழில் அதன் நடுப்பகுதி இது:

"1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை எங்கள் ஊர்க் கண்மாயில் பெருகிய பிறகு கெளுத்தியும் அயிரையும் குறைந்துவிட்டதாக மீன் பிடிப்பவர்கள் சொல்கிறார்கள். தங்கள் மாணவரின் ஆய்வேடு ஏரிகளோடு நிற்கிறது. மழைக்காலத்தில் மட்டும் நிரம்பும் கண்மாய்களில் இதை ஆராய விரும்புகிறேன். இந்த ஆண்டு தங்களிடம் காலியிடம் உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதக் கூச்சப்படாதீர்கள். நான்கு மாதம் முன்பே அதைக் கேட்டிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தகுதியையும் உதவித்தொகை நிலையையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பயோடேட்டாவோடு ஒரே ஒரு பக்கக் குறிப்பை மட்டும் இணைத்தால் போதும். ஒரே மெயிலை இருபது பேருக்குத் தட்டிவிடுவது வேண்டவே வேண்டாம், ஒரே துறையில் இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். முதல் தொடர்புக்கு வாட்ஸ்அப்பும் வேண்டாம்.

பத்து நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். வரச் சொன்னால், அவரைப் பார்க்கும் முன் அவருடைய ஸ்காலர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது, சொந்த வேலை வாங்குவாரா, பெண் ஸ்காலர்கள் அவரிடம் இயல்பாக இருக்க முடிகிறதா? மூன்றாவது கேள்வியைப் பெண் ஸ்காலரிடமே கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

பின்சேர்க்கை: நெட் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஜூன் 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோரும் உண்டு. அவர்களின் மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும், அதனால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் கைடு தேடலைத் தேர்வு எழுதிய வாரமே தொடங்குங்கள். பகுதிநேரமாகச் சேர நினைக்கும் ஆசிரியர்கள், வேலை செய்யும் இடத்தில் தடையில்லாச் சான்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டு மெயில் எழுதுங்கள். கைடு ஒப்புக்கொண்ட பிறகு அந்தச் சான்று கிடைக்காமல் இடத்தை இழந்ததாக ஒரு தோழி எழுதியிருந்தார்.